இடது காதில் கேள்வி, வலது காதில் பதில்: லப்டொப்புக்கு வயரில்லா ஹெட்போன் தேடியது

பேட்டிகளைக் கேட்டு எழுத்தாக்குவது என் தொழில். கொழும்பில் இருந்து ஒலிக்கோப்பு வரும். திருகோணமலைக்குப் பக்கத்தில் உப்புவெளியில் வீட்டில் இருந்தபடி கேட்டுத் தட்டச்சு செய்து அனுப்புவேன். ஒழுங்காகப் பதிவு செய்த பேட்டி என்றால் கேட்பவரின் குரல் இடது பக்கத்திலும் பதில் சொல்பவரின் குரல் வலது பக்கத்திலும் தனித்தனியாக இருக்கும். இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கதைக்கும் இடங்களில் என்னைக் காப்பாற்றுவது இதுதான். ஒரு பக்கத்தைக் கழற்றிவிட்டு மற்றக் காதால் கேட்டால் போதும். ஆகவே எனக்கு ஸ்டீரியோ என்பது பாட்டுக்காக இல்லை, பிழைப்புக்காக.

இவ்வளவு காலமும் வயர் ஹெட்போன்தான். ஜாக்கின் கழுத்தில் வயர் அறும். வெட்டிச் சோல்டர் பிடித்து மறுபடி ஓட்டுவேன். அது பெரிய வேலை இல்லை. இந்த முறை பழுதானது லப்டொப்பில் உள்ள துளை. உள்ளே இருக்கும் தகடு தளர்ந்துவிட்டது. ஜாக்கைச் சற்றே திருப்பிப் பிடித்தால்தான் வலது பக்கம் கேட்கிறது. யூ.எஸ்.பி.யில் செருகும் மலிவான சவுண்ட் கார்ட் ஒன்று இருந்தால் இது தீரும். இடைக்காலத்தில் அதை வைத்துத்தான் வேலை ஓடியது. ஆனால் உலை கொதிக்கிறதா, படலையில் யார் என்று எழும்பும் ஒவ்வொரு தடவையும் தலையில் இருந்து கழற்றி மாட்டுவது அலுத்துவிட்டது. வயரில்லாமலே போவோம் என்று முடிவு செய்தேன்.

கடைக்குப் போகும் முன் லப்டொப்பைத்தான் பார்க்க வேண்டும். பெரும்பாலானோர் ஹெட்போனின் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கிறார்கள். ஒலி புறப்படும் இடம் லப்டொப். அதற்குத் தெரியாத எதையும் ஹெட்போன் மட்டும் தெரிந்து வைத்திருந்து பயனில்லை.

விண்டோஸில் டிவைஸ் மனேஜரைத் திறந்து, புளூடூத் பகுதியில் அடப்டரின் பெயரை இரண்டு முறை சொடுக்கி, அட்வான்ஸ்ட் பக்கத்துக்குப் போனால் எல்.எம்.பி. என்று ஓர் எண் இருக்கும். 6 என்றால் புளூடூத் 4.0, 8 என்றால் 4.2, 9 என்றால் 5.0, 11 என்றால் 5.2. என்னுடையது 8. ஏழாம் தலைமுறை இன்டெல் லப்டொப், விண்டோஸ் 10. விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ளவற்றை, ஒருசில விதிவிலக்கு தவிர, முறைப்படி ஏற்காது என்பதால் இதிலேயே நிற்கிறேன்.

இந்த விண்டோஸ் விஷயம் ஹெட்போன் தெரிவையும் தொடுகிறது. புளூடூத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறைக்குக் கோடெக் என்று பெயர். எஸ்.பி.சி. என்பது எல்லாக் கருவியிலும் கட்டாயம் இருப்பது. அதற்கு மேல் ஏ.ஏ.சி., அப்டெக்ஸ், எல்டக் என்று பெட்டிகளில் வரிசையாக எழுதியிருப்பார்கள். விண்டோஸ் 10க்குத் தானாகத் தெரிந்தவை எஸ்.பி.சி.யும் அப்டெக்ஸும் மட்டும், ஏ.ஏ.சி. விண்டோஸ் 11இல்தான் சேர்ந்தது. எல்டக் வினாடிக்கு 990 கிலோபிட் வரை அனுப்பும் என்று காசைக் கூட்டிக் கேட்பார்கள், ஆனால் அது போனுக்குப் பொருந்தும் பெருமை. இரண்டு விண்டோஸிலும் தானாக வேலை செய்யாது. குரலைக் கேட்டு எழுதுபவருக்கு எஸ்.பி.சி. தாராளம். நல்ல தரத்தில் அது 328 கிலோபிட் அனுப்புகிறது. மனிதக் குரலுக்கு அதற்கு மேல் கேட்பது ஆடம்பரம்.

லப்டொப்பில் மூன்று சிறிய கோப்புகளைத் தயார் செய்துகொண்டேன். இடமும் வலமும் வெவ்வேறு குரல் உள்ள பேட்டித் துண்டு ஒன்று. திரை வெள்ளையாக மின்னும் அதே கணத்தில் 'பீப்' ஒலிக்கும் வீடியோ ஒன்று. மூன்றாவது, மெதுவாகக் கதைக்கும் ஒருவரின் பதிவு; இடையிடையே நீண்ட மௌனம் வரும், அதில் ஹெட்போனின் சொந்த இரைச்சல் தெரிந்துவிடும். அப்புறம் லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு நகரத்துக்குப் பஸ் ஏறினேன்.

பிரதான வீதிப் பக்கக் கடைகளில் வழமையான பதில் ஒன்று உண்டு: பெட்டியை உடைத்தால் எடுக்க வேணும். காட்சிக்கு வைத்திருக்கும் துண்டுகளில் சோதிக்க விடும் கடை ஒன்று கிடைத்தது. அங்கிருந்த தம்பி முதலில் எடுத்துத் தந்ததை இப்படி அறிமுகப்படுத்தினார்: "அக்கா, இது 5.3. பழசெல்லாம் 4.2. சவுண்ட் அதிரும்."

அந்த எண்ணுக்கும் சத்தத்துக்கும் தொடர்பு மிகக் குறைவு. புளூடூத் 5 இல் வந்த வேக முன்னேற்றங்கள் குறைந்த மின்சாரத்தில் இயங்கும் எல்.இ. பகுதிக்கானவை. நாம் வழக்கமாகக் கேட்கும் ஸ்டீரியோ ஒலி இன்னும் பழைய பாதையில்தான் போகிறது. அந்தப் பாதையின் வேகம் 2004இல் வந்த 2.0 பதிப்போடு தீர்மானமானது. எண் உண்மையில் பொருட்படுத்த வேண்டிய இடம் ஒன்றே ஒன்று: எல்.இ. ஓடியோ என்ற புதிய முறை. அதற்கு அடித்தளம் 5.2இல்தான் போடப்பட்டது. லப்டொப், ஹெட்போன், விண்டோஸ் 11 என்று மூன்றும் அதற்கு ஏற்றதாக இருந்தால் மட்டுமே பலன். என் லப்டொப்பில் நடக்காது. தம்பியிடம் இதையெல்லாம் சொல்லவில்லை, "சரி தம்பி, இதில ஒண்டு போட்டுப் பாப்பம்" என்றேன்.

பேட்டித் துண்டை ஓடவிட்டேன். இடமும் வலமும் சுத்தமாகப் பிரிந்தன, மௌன இடங்களில் இரைச்சலும் இல்லை. நல்லது. இப்போது விண்டோஸின் வொய்ஸ் ரெக்கோர்டரைத் திறந்து பதிவு பொத்தானை அழுத்தினேன். ஒரு கணம் சத்தம் அற்றது. திரும்பி வந்தபோது இரண்டு குரலும் தலையின் நடுவில் ஒன்றாகக் கலந்து, தட்டையாகி, ஓரமெல்லாம் மழுங்கிக் கிடந்தன. அடுத்த ஹெட்போனிலும் இதே கதை. விலை கூடியதிலும் இதே கதை.

இது ஹெட்போனின் பழுது இல்லை. புளூடூத்தில் ஒலிக்கு இரண்டு பாதைகள் உண்டு. ஏ2டிபி என்பது 2003இல் வந்தது. ஸ்டீரியோ, ஆனால் ஒருவழி, லப்டொப்பில் இருந்து காதுக்கு மட்டும். ஹான்ட்ஸ்-ஃப்ரீ என்பது காரில் போன் கதைப்பதற்கென்று உருவானது. இருவழி, ஆனால் மொனோ, அதாவது இடம் வலம் பிரியாத ஒற்றை ஒலி. ஹெட்போனின் மைக்கை எந்த மென்பொருள் கேட்டாலும் விண்டோஸ் உடனே இரண்டாவது பாதைக்குத் தாவிவிடும். பழைய ஹான்ட்ஸ்-ஃப்ரீ குரலை வினாடிக்கு 8,000 தடவைதான் அளந்தெடுக்கும். அதில் பாதி, அதாவது 4 கிலோஹேர்ட்ஸுக்கு மேலே எதுவுமே வராது. 2011இல் வந்த 1.6 பதிப்பு அதை 16,000 ஆக்கியது, கொஞ்சம் மூச்சு விடலாம். சகரத்தின் சீறலும் ஸகரத்தின் கூர்மையும் பெரும்பாலும் 4 கிலோஹேர்ட்ஸுக்கு மேல்தான் இருக்கின்றன. ஊர்ப் பெயர்களையும் ஆள் பெயர்களையும் காதால் பிடித்து எழுதுபவருக்கு அது போனால் பாதி வேலை போனது மாதிரி.

வாங்காமல் திரும்பினேன். பாலையூற்றில் இருக்கும் மச்சாள் ஒன்லைன் வகுப்பு எடுப்பவள். அவளுடைய புளூடூத் ஹெட்போனை இரவல் வாங்கி வீட்டில் நிதானமாகத் தோண்டிப் பார்த்தேன்.

விண்டோஸ் 10 இல் ஒலிப் பட்டியலைத் திறந்தால் ஒரே ஹெட்போன் இரண்டு பெயரில் நிற்கும்: ஒன்றில் ஸ்டீரியோ, மற்றதில் ஹான்ட்ஸ்-ஃப்ரீ ஏ.ஜி. ஓடியோ. (விண்டோஸ் 11 இரண்டையும் ஒரே பெயருக்குள் மறைத்துவிட்டது. பார்க்க அழகு, ஆனால் எப்போது எந்தப் பாதையில் நிற்கிறோம் என்று தெரியாது.) நிரந்தரத் தீர்வு கொன்ட்ரோல் பனலில் இருக்கிறது. டிவைசஸ் அன்ட் பிரின்டர்ஸில் ஹெட்போனை வலது சொடுக்கி, ப்ரொப்பர்ட்டீஸில் சேர்விசஸ் பக்கத்துக்குப் போய், ஹான்ட்ஸ்-ஃப்ரீ டெலிபொனி என்ற சரிக்குறியை எடுத்துவிட வேண்டும். அதன் பிறகு அந்த ஹெட்போனுக்கு மைக் இருப்பதே விண்டோஸுக்குத் தெரியாது, ஸ்டீரியோவும் கலையாது. கதைக்க லப்டொப்பின் மைக்கைப் பயன்படுத்தலாம்.

இதோடு பலருக்குப் போதும். படம் பார்க்கவும் பாட்டுக் கேட்கவும் எப்போதாவது சூமில் தலைகாட்டவும் ஹெட்போன் தேடுபவர் இந்த ஒரு சரிக்குறியை எடுத்துவிட்டு, காதுக்குச் சுகமான எந்தப் புளூடூத் ஹெட்போனையும் வாங்கலாம். இன்னொரு இடமும் பார்த்துவிடுங்கள்: ஈஸ் ஒஃப் அக்சஸில் ஓடியோவுக்குள் மொனோ என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. அது போட்டுக் கிடந்தால் எவ்வளவு விலை கொடுத்தாலும் இடம் வலம் பிரியாது.

எனக்கு அது போதவில்லை, காரணம் தாமதம். என் வேலை முழுவதும் நிறுத்து, பின்னால் போ, ஓடு என்பதுதான். புளூடூத்தில் நிறுத்தும் பொத்தானை அழுத்திய பிறகும் குரல் ஒரு துளி ஓடுகிறது. ஓடவிட்டால் ஒரு துளி காத்திருக்கிறது. வீடியோ பார்ப்பவர்களுக்கு இது தெரியாது, ஏனென்றால் பல ப்ளேயர்கள் படத்தையும் அதே அளவு பிந்திக் காட்டிச் சரிக்கட்டிவிடும். விஎல்சியில் கையாலும் சரி செய்யலாம், ஜே, கே விசைகளை ஒவ்வொரு முறை தட்டும்போதும் 50 மில்லிவினாடி நகரும். நிறுத்தி ஓட்டுவதற்கு அப்படி ஒரு ஒட்டு வேலை கிடையாது.

அளந்து பார்த்தேன். மின்னும்-பீப் வீடியோவைச் சரிக்கட்டல் எதுவும் செய்யாத ப்ளேயரில் ஓடவிட்டு, ஹெட்போனின் ஒரு கிண்ணத்தைத் திரைக்கு முன்னால் வைத்து, போனின் மைக்கை அதற்குப் பக்கத்தில் பிடித்து, திரையையும் சத்தத்தையும் ஒரே வீடியோவில் எடுத்தேன். பிறகு எடிட்டரில் போட்டு, திரை வெளுக்கும் சட்டத்துக்கும் (ஃப்ரேம்) ஒலி அலை எழும்பும் சட்டத்துக்கும் நடுவில் எண்ணினேன். வினாடிக்கு 30 சட்டம் என்றால் ஒரு சட்டம் 33 மில்லிவினாடி. 7 சட்ட இடைவெளி வந்தது. கால் வினாடிக்குச் சற்றுக் குறைவு. இந்தச் சோதனைக்குக் காசு செலவில்லை, கடையிலேயே செய்யலாம், விற்பவர் சொல்லும் 'லோ லேட்டன்சி' (குறைந்த தாமதம்) எவ்வளவு உண்மை என்று உடனே தெரிந்துவிடும்.

அடுத்தது சொந்த டொங்கிளோடு, அதாவது யூ.எஸ்.பி. துளையில் செருகும் சிறு துண்டோடு வரும் வகை. கேம் விளையாடும் பிள்ளைகளுக்கென்று விற்பது. புளூடூத்தும் இதுவும் ஒரே 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில்தான் பேசுகின்றன, ஆனால் டொங்கிள் புளூடூத்தின் சட்டதிட்டங்களுக்குக் கட்டுப்பட்டதல்ல. சேமித்து வைத்து அனுப்பும் அளவைக் குறைத்து, மைக்கையும் ஸ்டீரியோவையும் ஒரே நேரத்தில் ஓட்டுகிறது. விண்டோஸுக்கு அது ஒரு யூ.எஸ்.பி. சவுண்ட் கார்ட்டாகவே தெரியும். ட்ரைவர் தேட வேண்டாம். லப்டொப்பின் புளூடூத் 4.2ஆ, இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியே எழாது.

அதே கடைக்கு மறுபடி போனேன். டொங்கிளும் புளூடூத்தும் இரண்டும் உள்ள ஒன்று இருந்தது. லப்டொப்புக்கு டொங்கிள், போனுக்குப் புளூடூத். ரெக்கோர்டரைத் திறந்து வைத்தே பேட்டியை ஓடவிட்டேன். கேள்வி இடது காதிலும் பதில் வலது காதிலும் அப்படியே நின்றன. சட்ட எண்ணிக்கையில் ஒன்றைத் தாண்டவில்லை. நான் வைத்திருந்த 15,000 ரூபாய்க்குள் வந்தது, ஆறு மாத வொரண்டி. டொங்கிளை வைக்க ஹெட்போனிலேயே ஒரு குழி இருக்கிறதா என்று மட்டும் கடைசியாகப் பார்த்தேன். இந்த வகையில் டொங்கிளைத் தொலைத்தால் அதே டொங்கிளைத் தனியாக வாங்குவது அநேகமாக நடக்காத காரியம். குழி இருந்தது, எடுத்துவிட்டேன்.

வீட்டில் வந்து செருகியதும் பிரச்சினை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. கடையில் இல்லாதது வீட்டில் ஏன்? மேசையில் இருந்த வேறுபாடு பக்கத்துத் துளையில் செருகிய வெளி ஹார்ட் டிஸ்க். அது யூ.எஸ்.பி. 3. அந்தத் துளையும் வயரும் வேலை செய்யும்போது 2.4 கிகாஹேர்ட்ஸ் பகுதியிலேயே இரைச்சல் கக்கும். இன்டெல் நிறுவனமே 2012இல் இதைப் பற்றி அறிக்கை எழுதியிருக்கிறது. டிஸ்க்கைக் கழற்றினேன், சத்தம் சீரானது. செருகினேன், மறுபடி வெட்டியது. பழைய யூ.எஸ்.பி. 2 நீட்டிப்பு வயர் ஒன்றை எடுத்து டொங்கிளை மேசையின் மறுகரைக்குக் கொண்டுபோய் ஒட்டிவிட்டேன். டிஸ்க் இப்போது செருகியபடியே இருக்கிறது. கூடவே லப்டொப்பின் வைஃபையை ரவுட்டரின் 5 கிகாஹேர்ட்ஸ் பெயருக்கு மாற்றினேன். இரண்டும் ஒரே அலைவரிசையில் முட்டிக்கொள்ள வேண்டிய தேவை இல்லை. இதே இரண்டு வேலையும் புளூடூத்துக்கும் பொருந்தும். புளூடூத் வினாடிக்கு 1,600 முறை தடம் மாறித் தப்பப் பார்க்கும்தான், ஆனால் தப்ப இடம் வேண்டுமே. இப்போது அடுப்படி வரை சுத்தமாகக் கேட்கிறது, கிணற்றடியில் அறுந்துவிடும். நடுவில் இரண்டு கல் சுவர், போதும்.

சார்ஜ் ஏறுவதிலும் ஒரு கூத்து. ஹெட்போனில் இருப்பது டைப்-சி. போனின் புதிய சார்ஜரில் இரண்டு பக்கமும் டைப்-சி உள்ள வயரைப் போட்டால் விளக்கே எரியவில்லை. பழுது என்று கடைக்கு ஓட வேண்டாம். டைப்-சி சார்ஜர் மின்சாரம் விடுவதற்கு எதிர்ப்பக்கத்தில், அதாவது ஹெட்போனுக்குள், 5.1 கிலோஓம் மின்தடை இருக்க வேண்டும். விலை குறைத்துச் செய்பவர்கள் அதைப் போடாமல் விட்டுவிடுவார்கள். ஒரு பக்கம் பழைய தட்டை யூ.எஸ்.பி. உள்ள வயரில் போட்டால் ஏறும். பெட்டிக்குள் அவர்கள் தந்த வயரும் அதுவேதான். லப்டொப்பில் இருந்தே சார்ஜ் போட்டுக்கொண்டு வேலை செய்யவும் முடிகிறது.

இனி வெக்கை. ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும் நாட்களில் திருகோணமலையில் மதியத்துக்குப் பிறகு காதை மூடும் எதுவும் தண்டனை. செயற்கைத் தோல் மெத்தை அரை மணித்தியாலத்தில் வியர்வையில் ஒட்டும். ஒரு வருடத்தில் கறுப்புத் தூளாக உரிந்து கன்னத்தில் அப்பும். ஆகவே வாங்கும்போதே மெத்தை கழற்றக்கூடியதா என்று இழுத்துப் பாருங்கள். என்னுடையதில் ஓரம் ஒரு பள்ளத்துக்குள் செருகி நிற்கிறது. விரலால் சுற்றி இழுத்தால் வந்துவிடும். உள் நீள அகலத்தை மில்லிமீற்றரில் அளந்து அதே அளவில் துணி மெத்தை வாங்கி மாட்டினேன். துணியில் அடிச்சத்தம் கொஞ்சம் கசியும், பாட்டுக் கேட்பவர்கள் குறை சொல்வார்கள். குரலுக்கு அது இன்னும் தெளிவு. கழுவிக் காயப் போடலாம் என்பதே எனக்குப் பெரிய வசதி.

சத்தம் குறைக்கும் ஏ.என்.சி. உள்ளதை எடுக்கவில்லையா என்று மச்சாள் கேட்டாள். மின்விசிறி, ஜெனரேட்டர் மாதிரி ஒரே சீராக ஓடும் தாழ்ந்த இரைச்சலை அது நன்றாக விழுங்கும். காகம், ஹோர்ன், பாண் ஓட்டோவின் பாட்டு போன்றவற்றை அதனால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. எங்கள் வீதியில் தொல்லை இரண்டாவது வகை. அந்தக் காசை மெத்தைக்குப் போட்டேன்.

மைக்கையும் அவளைக் கொண்டே சோதித்தேன். முதலில் புளூடூத் மைக்கில் எடுத்தபோது, "என்னடி, கிணத்துக்குள்ள இருந்தே கதைக்கிறாய்?" என்றாள். டொங்கிளுக்கு மாறியதும் "இப்ப ஆள் வெளியில வந்திட்டாய், ஆனா ஃபேன் சத்தம் கேக்குது" என்றாள். வாய்க்கு நேரே இருந்த மைக் தண்டைக் கன்னத்தின் பக்கமாக மடித்து, மைக்கின் அளவை எழுபதுக்கு இறக்கியதும் விசிறி அடங்கியது.

மிச்சம் இருப்பது ஒன்றுதான். சில வினாடி மௌனமாக இருந்தால் டொங்கிள் தூங்கிவிடுகிறது. மறுபடி ஓடவிட்டால் விழிப்பதற்குள் முதல் அசை போய்விடும். 'இல்லை' என்று தொடங்கும் பதில் 'லை' என்று வரும். மௌனமான கோப்பு ஒன்றைப் பின்னால் ஓடவிட்டு விழிக்க வைக்கலாம், ஆனால் பற்றரி வீணாகும். எழுத்தாக்கும் மென்பொருளில் நிறுத்தி ஓட்டும்போது இரண்டு வினாடி பின்னால் போய்த் தொடங்கும்படி ஒரு வசதி உண்டு. அதைப் போட்டுவிட்டேன். தூங்கும் அசை இப்போது நான் ஏற்கெனவே எழுதி முடித்த வாக்கியத்தில் விழுகிறது.